மாமியின் புள்ளடி

கடதாசி அட்டையை மடித்துச் செய்த மறைப்பு அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசை ஒன்றின் மேல் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேசை என் தொடை உயரம்தான். நான் குனிந்து நின்றேன். என் மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, என் சேட்டுக் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

எங்களுக்கு முன்னால் ஒரு நீளமான வாக்குச்சீட்டு. வாக்கு அவருடையது. போடப்போகிற கை என்னுடையது.

பேனையை எடுத்தேன். நம்மட கட்சியின் சின்னத்தைத் தேட வேண்டிய தேவையே எனக்கு இல்லை. கண் தானாகவே அங்கே போய் நின்றது. சரிவாக ஒரு கோடு, அதை வெட்டி இன்னொரு கோடு. புள்ளடி விழுந்துவிட்டது.

அப்போது என் தோளுக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"மருமகன், நான் இன்னும் சொல்லல்லயே."

முப்பத்து மூன்று வருடத்தில் மாமி என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆட்டுக்குச் சொன்ன செய்திகள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் பிறந்த வரிப்பத்தான்சேனையின் வயல் வட்டையில் யானை புகுந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு நிந்தவூரிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். "யானையப் பத்தி எழுதுறீங்க, மாட்டப் பத்தி எழுதுறீங்க, மாமியப் பத்தி மட்டும் ஒண்டும் எழுதுறீங்க இல்ல. பயமா?" என்று கேட்டார். ஓம், பயம்தான். ஆனாலும் இந்த வாரம் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவன். இருபத்தேழு வயதில் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஒரு மாதம் கடல் இரைச்சலில் எனக்கு நித்திரை வரவில்லை. மாமி அதை எப்படியோ தெரிந்துகொண்டு, என் கட்டிலை வீட்டின் மேற்குப் பக்கத்து அறைக்கு மாற்றிப் போட வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

ஏனென்றால் மாமிமார் மருமகனோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். மார்க்கத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மருமகன் மகன் மாதிரி என்றுதான் மௌலவிமார் சொல்கிறார்கள். இது எங்கள் ஊர்ப் பழைய பெண்களின் மரியாதை, அவ்வளவுதான். இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறார்கள். என் மாமி அந்தக் காலத்து ஆள்.

நான் சாப்பாட்டு மேசையில் இருப்பேன். மாமி கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். நடுவில் என் மனைவி நஸீரா.

"மகள், மருமகனுக்குக் கறி உறைக்குதா எண்டு கேளுங்க."

"உறைக்கல்ல எண்டு சொல்லுங்க நஸீரா."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே? நான் என்ன தபால்காரியா?" என்று நஸீரா அகப்பையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அப்போதும் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கமாட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஒரே மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறதென்று நஸீரா தோஹாவுக்குப் போனாள். வீட்டில் மாமியும் நானும்தான் மிச்சம். பக்கத்து வளவில் நஸீராவின் தங்கை றிஸ்மியா இருக்கிறாள். சமையல் அவள் பொறுப்பு. ஆனால் அவள் ஒரு ரீச்சர். காலையில் பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை மாமி எனக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வார்?

குசினிக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டிடம் சொல்வார்.

"ஆடு, மருமகன்ட சேட்டு கொடியில கிடக்கு. மழை வரப்போகுது." நான் போய்ச் சேட்டை எடுப்பேன். "ஆடு, தேத்தண்ணி போத்தல்ல இரிக்கி. சீனி போடல்ல." நான் சீனி போட்டுக் குடிப்பேன். ஒரு நாள் கோபத்தில் கடை ஆட்களைப் போனில் ஏசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது: "ஆடு, இவ்வளவு கோபம் ஒடம்புக்குக் கூடாது." ஆடு என்னைப் பார்த்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

என் சொந்த உம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அந்த ஆட்டுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகளை நான் எவ்வளவு ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆக்கள் இல்லாத வீடுகள்

நான் கல்முனை பஸாரில் உரமும் விதைநெல்லும் விற்கிறவன். அது தொழில். இருபத்திரண்டு வருடம் எங்கள் வட்டாரத்தில் கட்சியின் கிளைச் செயலாளர். அது என் உயிர்.

கட்சியின் பெயரை எழுதமாட்டேன். எங்கள் ஊரில் "நம்மட கட்சி" என்றால் யாருக்கும் இரண்டாவது தடவை விளக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. அவர்களுக்கு அந்த யுத்த காலம் தெரியாது. பொழுதுபடும் மஃரிபுக்கு முன்பு வீட்டுக்கு வந்து சேராத ஆண்களை நினைத்துப் பெண்கள் யாசீன் ஓதிய காலம் அது. வயலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாத காலம். கொழும்பில் எங்களுக்காக வாய் திறக்க ஒருவரும் இல்லை. அப்படியான நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, எங்கள் கதையில், எங்கள் வாயால், எங்கள் துக்கத்தைச் சொல்ல ஒரு கட்சி வந்தது. அந்தக் கூட்டத்தில் என் மாமனார் குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து அவர் வேறு எதற்கும் புள்ளடி போட்டதில்லை. நானும்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள் மாதிரி வாக்குச்சீட்டு வரும். மஞ்சள் கடதாசி. மாமனார் இருந்த காலத்தில் அவர் அதில் புள்ளடி போட்டுக் காட்டுவார். அவர் மௌத்தான பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சின்னத்துக்கு ஒன்று, கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள் மூன்று. நான் நஸீராவுக்குக் காட்டுவேன். நஸீரா அதைக் குசினிக்குக் கொண்டுபோய் உம்மாவுக்குக் காட்டுவாள். மாமி மூன்று இலக்கத்தையும் பாடம்போலத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு முன்வாசலில் கேட்கும். கிளை நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே "மூன்று வோட்டும் நமக்கு" என்று எழுதுவேன்.

ஊரே அப்படித்தான். நாங்கள் வோட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவோம். வேலிக் கடப்பில் நின்று "ஆக்கள் இரிக்காங்களா?" என்று குரல் கொடுப்போம். ஆக்கள் என்றால் ஆண்கள். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் "ஆக்கள் இல்ல, பின்னேரம் வாங்க" என்று பதில் சொல்லும். நாங்கள் திரும்பி வந்துவிடுவோம். உள்ளே உயிரோடு ஒருத்தி நின்றுகொண்டு ஆக்கள் இல்லை என்று சொல்கிறாளே என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெயர் கேட்ட பிள்ளை

எல்லாம் எப்போது ஆடத் தொடங்கியது என்று கேட்டால், அரசாங்கம் தடைபோட்டு உரம் இல்லாமல் போன அந்தப் போகத்தைத்தான் சொல்வேன். என் கடை இறாக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. வெள்ளாமை மஞ்சளாக நின்றது. பிறகு காஸ் வரிசை, பெற்றோல் வரிசை. கட்சிக் கொடியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றிய மனிதர்கள் என் கடைப் பலகை வாங்கில் வந்து பேசாமல் இருந்தார்கள். ஒருவர் மட்டும், "காக்கா, நம்மட ஆக்கள் பாராளுமன்றத்தில என்னத்தக் கதைச்ச?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏசி அனுப்பிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை.

நஸீரா தோஹாவில் இருந்த நேரத்தில் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது தெற்கிலிருந்து வந்த கட்சிகளுக்கும் எங்கள் ஊரில் அலுவலகம் திறந்தார்கள். முன்பு ஒரு காலத்தில் அப்படி ஒன்று திறந்தால் வாடகைக்கு இடம் கொடுத்தவனுக்கே ஊரில் தேத்தண்ணி கிடைக்காது. இப்போது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எங்கள் பொடியன்மார், எங்கள் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருடைய வாப்பாமார் என்னோடு ஒன்றாகச் சுவரொட்டி ஒட்டியவர்கள். நன்றி கெட்ட ஊர் என்று நான் பள்ளிவாசல் முன்னால் நின்று சத்தம் போட்டேன். என் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் பின்னேரம், அஸருக்குப் பிறகு, அப்படியொரு அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் எங்கள் கடப்பில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் அபாயா போட்ட ஒரு பிள்ளை. கம்பஸில் படிக்கிறாளாம். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இது ஆர்ர வீடெண்டு தெரியுமா மகள்? வீணா மினக்கெடாதீங்க."

"தெரியும் அங்கிள். உங்கட வோட்டுக் கேட்டு வரல்ல. உள்ள உம்மா இரிக்காங்கதானே?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையை எப்படித் தடுப்பது? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாயில் உட்காருவது கேட்டது.

"உம்மா, உங்கட பேர் என்ன?"

மாமி, கேட்டது சரிதானா என்று தெரியாத குரலில், "என்ட பேரா?" என்றார். "பாத்துமுத்து."

அந்தப் பிள்ளை எதையும் தருவதாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் இருந்தாள். பெரும்பாலும் மாமிதான் பேசினார். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனது, ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்டப் போனால் விடிய இருந்து பொழுதுபடும்வரை வாங்கில் காத்திருப்பது, மருந்துக் குளிசையின் விலை. இத்தனையும் அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. ஆட்டுக்கும் அவர் சொல்லியதில்லை. அவர்கள் போன பிறகு, வைத்துவிட்டுப் போன துண்டுப் பிரசுரத்தை நான் கசக்கி எறிந்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு தடவை உராய்ந்த பேனை

நஸீரா ஊரில் இல்லை. றிஸ்மியாவுக்குத் தேர்தல் கடமை வேறு ஊரில், அவள் தபாலில் வாக்குப் போட்டுவிட்டாள். மாமியை யார் கூட்டிப்போவது? கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று சட்டம் இருக்கிறது. கிராம சேவகரான ஜீஎஸ்ஸிடம் கடிதம் எடுத்தேன். றிஸ்மியா மாமியிடம், "மச்சான் கூட்டிப்போவார்" என்றாள். மாமி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் பின்னாலிருந்து குரல் கேட்டது: "ஆடு, நான் போகத்தான் போறன் எண்டு சொல்லு."

எனக்கு ஒரே சந்தோஷம். என் கூட்டாளி ஜப்பாரிடம், "எங்கட வீட்ட ரெண்டும் நமக்கு" என்றேன். அவன்தான் அந்தச் சாவடியில் நம்மட கட்சி முகவர். இந்தத் தடவை ஒவ்வொரு வோட்டும் தங்கம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாமி பூப்போட்ட வெள்ளைச் சாரியின் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் இருந்தார். நான் முன்னால் டிரைவரோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தேன். சாவடிப் பொறுப்பதிகாரி காரைதீவுப் பக்கத்து மனிதர், சாந்தமான முகம். கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மா எதச் சொல்றாவோ அதத்தான் நீங்க போடோணும். விளங்குதா?"

"தெரியும் ஐயா" என்றேன். தெரியாமலா? தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் முகவர்களுக்கு இந்தச் சட்டங்களை வகுப்பெடுக்கிறவனே நான்தான்.

அவர் மறைப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மாமி தலைச் சீலையை இழுத்துவிட்டதைப் பார்த்து, மரியாதைக்காகக் கொஞ்சம் தள்ளிப் போய் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமி என்னோடு கதைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் நான் போட வேண்டும் என்ற எண்ணமே என் மண்டைக்குள் வரவில்லை. வயலில் வரம்பைப் பார்க்காமலே நடக்கிற மாதிரி, கை தானாகப் போய்ப் போட்டுவிட்டது. கண் தெரியாத மாமிக்குப் பேனை இரண்டு தடவை கடதாசியில் உராய்ந்த சத்தம் கேட்டிருக்கிறது.

"மருமகன், நான் இன்னும் சொல்லல்லயே."

ஒன்றை வெட்கத்தோடு எழுதுகிறேன். அந்த நிமிடத்தில் ஒரு எண்ணம் வந்தது. "பேனை எழுதுதா எண்டு பாத்தன் மாமி" என்று சொல்லிவிடலாம். அவர் சொல்கிற சின்னத்தைக் கேட்டுவிட்டு, "சரி, போட்டாச்சு" என்று கடதாசியை மடித்துக் கொடுத்துவிடலாம். அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜப்பாருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றிவிடலாம்.

மாமியின் விரல்கள் என் சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சொல்லுங்க மாமி" என்றேன்.

அவர் என் காதுக்குள் ஒரு சின்னத்தைச் சொன்னார். அது நம்மட சின்னம் அல்ல.

எது என்று எழுதமாட்டேன். இந்தக் கதையை எழுதுவதற்கு நஸீரா மூலம் மாமியிடம் அனுமதி கேட்டேன். "எழுதட்டும். சின்னத்த மட்டும் எழுதப்படா" என்று பதில் வந்தது.

"மாமி, பிழை விட்டுட்டன். கேக்காம வேறதுல போட்டுட்டன்."

எதில் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது இதுதான்:

"அப்ப என்ட வோட்டு போயிட்டா மருமகன்?"

எழுபத்தெட்டு வயது மனுசி. எத்தனையோ தேர்தல் பார்த்தவர். ஒரேயொரு தடவை தன்னுடையது என்று நினைத்து வந்திருக்கிறார்.

"போகல்ல மாமி. மேசையப் பிடிச்சிட்டு நில்லுங்க. வாறன்."

பெட்டிக்குள் போடுவதற்கு முன்பு பழுதான சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு சீட்டுத் தருவார்கள். அதுவும் நான் எடுத்த வகுப்புத்தான். ஆனால் அதை வாங்க முகவர்கள் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். மாமி வாயால் ஒன்று சொல்லி என் கை இன்னொன்றைப் போட்டிருக்கிறது என்று அத்தனை பேருக்கும் விளங்கும். ஜப்பார் மேசையில் நிமிர்ந்து இருந்தான்.

கடதாசியை மடித்து அதிகாரியிடம் நீட்டினேன். "ஐயா, கை தவறிட்டு. வேற ஒண்டு தாங்க."

அவர் கடதாசியைக் கொஞ்சமாக விரித்துப் பார்த்தார். நேர்த்தியான புள்ளடி. கோட்டில் படவில்லை, மை சிந்தவில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிற மாமியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சரி, கை தவறுறதுதானே" என்று சொல்லி, பழுது என்று எழுதி உறைக்குள் வைத்தார்.

ஜப்பார் சும்மா இருக்கவில்லை. "முப்பது வருசம் போட்ட கை. இண்டைக்குத்தான் தவறினதா?" என்றான். யாரோ சிரித்தார்கள்.

"முகவர்மார் கதைக்கப்படா" என்றார் அதிகாரி.

என் காது இரண்டும் எரிந்தன. புதுச் சீட்டோடு மறைப்புக்குத் திரும்பினேன்.

"மாமி, இன்னொருக்காச் சொல்லுங்க. எதுக்குப் போடோணும்?"

சொன்னார். பிறகு கையை நீட்டினார். "பேனையத் தாங்க. இடத்தக் காட்டுங்க."

கண் தெரிந்த காலமெல்லாம் எனக்குச் சோறாக்கிய கை அது. நான் அதைத் தொட்டது அன்றுதான். விரல் நுனிகள் காய்த்திருந்தன, உள்ளி மணத்தது. அவருடைய பெருவிரலைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். நடுங்கி நடுங்கி இன்னொரு கோடு. எழுதப் படிக்கப் பழகுகிற பிள்ளை இழுத்த மாதிரி, கோணல்மாணலாக ஒரு புள்ளடி.

"கட்டத்துக்குள்ளதானா மருமகன்?"

"உள்ளதான் மாமி. வடிவா விழுந்திரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்."

"நம்பருக்கும் போடுவமா மாமி?"

"வேணா. இது போதும்."

சீட்டை அவரே மடித்தார், பெட்டியின் வாயைத் தடவிப் பார்த்து அவரே போட்டார். பிறகு நான் போய் என்னுடைய வாக்கைப் போட்டேன். நம்மட கட்சிக்குத்தான். அதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

ஜப்பார் வந்தான்

ஆட்டோவில் திரும்பி வந்தோம். இனி மாமி என்னோடு கதைப்பார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு நேரே பின்பக்கம் போனார்.

"ஆடு, மருமகன் நல்லா வெயில்ல நிண்டுட்டார். பானைத் தண்ணி குடிக்கச் சொல்லு."

குடித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பின்னேரம் ஜப்பார் வந்தான். கடப்புக்குள்ளேயே வரவில்லை.

"கை தவறினதா, மனசு தவறினதா?"

"என்ட வோட்டு நம்மட கட்சிக்கு. பள்ளியில வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவன்."

"கெழவிட வோட்டு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவனைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். "அவவுக்குப் பேர் இரிக்கி. பாத்துமுத்து. அவட வோட்ட அவகிட்டத்தான் கேக்கோணும். உள்ள இரிக்கா, போய்க் கேளு" என்றேன்.

ஜப்பார் கதவுச் சீலையைப் பார்த்தான். அதற்குப் பின்னால் மாமி நிற்பது அவனுக்கும் தெரிந்தது. உள்ளே போய் ஒரு பெண்ணிடம் கேட்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. பாவம், அவன் மேல் என்ன குற்றம்? எனக்கும்தான் தெரியாமல் இருந்தது. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

முடிவுகள் வந்தன. எங்கள் ஊரில் நாங்கள் துடைத்தெறியப்படவில்லை. ஆனால் எங்கள் கோட்டை என்று சொல்லித் திரிந்த இடங்களிலேயே மற்றவர்களுக்கு வோட்டு விழுந்திருந்தது. யார் வீட்டு வோட்டு போனது என்று கிளைக் கூட்டத்தில் ஆளுக்காள் தேடினார்கள். அடுத்த மாதம் செயலாளர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மனது நொந்துதான் போனது. அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய்.

அந்த முடிவுகள் வந்த நாள் பின்னேரம் தோஹாவிலிருந்து நஸீரா வீடியோவில் வந்தாள். மடியில் பேரப்பிள்ளை. றிஸ்மியா எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

"உம்மாட வோட்டக் காப்பாத்திக் குடுத்தீங்களாம். அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான்" என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

எனக்கு அந்தப் பாராட்டு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. காலையிலிருந்து ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. மாமனார் மௌத்தான நாளிலிருந்து இவளுக்கும் நான்தானே மஞ்சள் கடதாசியைக் காட்டினேன்?

"நஸீரா, ஒண்டு கேக்கட்டா? நீங்க இவ்வளவு காலமும் எதுக்குப் போட்ட?"

அவள் போனுக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளை அவளுடைய தலைச் சீலையைப் பிடித்து இழுத்தது. அதை விடுவித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க காட்டினதுக்குத்தான். ரெண்டு தரத்தத் தவிர."

"ரெண்டு தரமா? எப்ப?"

"அது எனக்குத் தெரியும்."

"ஏன் புள்ள என்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்க ஒரு நாளும் கேக்கல்லயே."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு தின்றீர்களா, குளிசை போட்டீர்களா என்று தினமும் கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் அந்தப் பக்கம் போனை வைக்காமல் இருந்தாள்.